புகை தெரியணும்

நாய் இல்லை அண்ணே. பொம்பளை. கடித்தது ஒரு பொம்பளை.

சிரிக்காதீங்க. எங்கள் ஊர் ஆஸ்பத்திரி நர்சம்மாவும் இப்படித்தான் சிரித்தது. "என்னடா கடிச்சது?" என்று கேட்டது. "ஒரு அக்கா" என்றேன். "நாய்க்கு ஊசி இருக்கு, பாம்புக்கு ஊசி இருக்கு. அக்காவுக்கு நான் எங்கடா போவேன்?" என்று சொல்லி, பக்கத்து ரூம் ஆட்களையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்துவிட்டு, ஒரு டிடி ஊசியைப் போட்டு, கட்டுக்கட்டி அனுப்பிவிட்டது. விஷயம் அதோடு முடிந்திருக்கணும். முடியலை. அதனால்தான் இந்த பஸ்ஸில் உட்கார்ந்து டவுன் பெரியாஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். பெட்டில் படுக்கணுமாம். இந்தக் கடிக்குப் பெட்டு!

அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் தள்ளுங்கண்ணே, காத்து வரட்டும். இந்த இருமல் ஒன்றுமில்லை. சளி. புரட்டாசியில் பிடித்தது, மார்கழி வந்தும் போகலை. தண்ணி மாறினால் எனக்கு இப்படித்தான். தண்ணி எங்கே மாறியது என்று கேட்காதீங்க. நான் ஊரைத் தாண்டியே ரொம்ப நாளாச்சு.

என் பேர் லோகு. பதினோராம் வகுப்போடு நின்றுவிட்டேன். எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே நேரத்தில் அலுத்துப் போச்சு. நுரையீரல் படம் வரை என்றார் உயிரியல் வாத்தியார். வரைந்தேன். "என்னடா இது, ரெண்டு வடையா?" என்றார். "நீங்க போர்டுல போட்டது ரெண்டு போண்டா மாதிரி இருந்துச்சு சார். என்னால முடிஞ்சது இதுதான்" என்றேன். வெளியே போ என்றார். போனேன். போனவன் போனவன்தான்.

அப்புறம் டெங்கு வந்தது. ஊருக்குக் காய்ச்சல், எனக்கு வேலை. பேரூராட்சியில் புகை அடிக்கத் தினக்கூலிக்கு ஆள் எடுத்தார்கள். நீங்க பார்த்திருப்பீங்க. தோளில் மாட்டிக்கொள்கிற மெஷின், நீளமாக ஒரு குழாய், டர்ர்ர்ரென்று தெருவே அதிரும், வெள்ளை வெளேரென்று புகை கிளம்பும். முகத்துக்கு ஒரு மாஸ்க்கும் கொடுத்தார்கள், போட்டோ எடுக்கும்போது போட்டுக்கொள்ள. போட்டோ முடிந்ததும் மேஸ்திரி அதைத் திருப்பி வாங்கி, மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். அடுத்த போட்டோவுக்கு வேணுமில்லையா?

மேஸ்திரி என்றால் சூசை மேஸ்திரி. என்னை வேலை வாங்குகிறவர். அவர்தான் டீசலில் கொசு மருந்தைக் கலந்து மெஷினில் ஊற்றிக் கொடுப்பார். முதல் வாரம் கலந்தார். அப்புறம் வெறும் டீசலை ஊற்றினார்.

"மருந்து எங்க மேஸ்திரி?"

"தீர்ந்துருச்சு."

"அப்பக் கொசு எப்படிச் சாகும்?"

மேஸ்திரி என்னைப் பாவமாகப் பார்த்தார். "கொசுவுக்குத்தான்டா மருந்து வேணும். சனத்துக்குப் புகை போதும். கொசுவா வந்து ஓட்டுப் போடுது?"

யோசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் பட்டது.

எங்கள் வார்டுக்குக் கவுன்சிலர் தங்கமாரி அக்கா. நின்றது அவங்க, ஜெயித்தது அவங்க. ஆனால் ஊரில் கவுன்சிலர் என்றால் அவங்க வீட்டுக்காரர் போஸ் அண்ணன்தான். அந்த அக்காவைப் பற்றிக் கேட்டால், "யாரு, நம்ம கவுன்சிலர் சம்சாரமா?" என்பார்கள். போஸ் அண்ணனுக்கு ஒரே ஒரு கொள்கை உண்டு. புகை தெரியணும். காலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பார். "என்னடா லோகு, நேத்துப் புகையில சொரத்தே இல்லையே? அஞ்சாவது வார்டுல போய்ப் பாரு, மேகம் மாதிரி நிக்குது. எதிர்க்கட்சிக்காரன் வார்டுடா அது! மானம் போகுது."

அன்றிலிருந்து மேஸ்திரி, ஒர்க்‌ஷாப்பில் கழித்துப் போட்ட எஞ்சின் ஆயிலையும் வாங்கி டீசலில் கலந்தார். அப்புறம் பார்க்கணும் புகையை! எதிரில் வருகிற மாடு எனக்குத் தெரியாது. மாட்டுக்கும் நான் தெரிய மாட்டேன். ஒரு நாள் ரெண்டு பேரும் முட்டிக்கொண்டோம். மாடுதான் ஒதுங்கிப் போனது.

பொய் சொல்லலை அண்ணே, அந்தப் புகை மேல் எங்கள் ஊர்ச் சனத்துக்கு அப்படி ஒரு பாசம். குடிதண்ணி லாரிக்குக்கூட இப்படி ஓடி வரமாட்டார்கள். பையன்கள் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடி வருவார்கள், வாயை ஆவென்று திறந்துகொண்டு. ஒருத்தர் தெருவில் நாற்காலியைப் போட்டு, சட்டையைக் கழற்றிவிட்டு உட்காருவார். "முதுகுல ஒரு பிடி பிடி தம்பி, அரிப்பா இருக்கு." சந்தைப்பேட்டைத் தெருவில் ஒரு அம்மா, பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து என் குழாய்க்கு நேரே காட்டியது, கோயிலில் தீபாராதனைக்குக் காட்டுகிற மாதிரி. "நல்லா இழுத்துக்கடி தங்கம், உள்ள இருக்கிற கிருமியெல்லாம் செத்துரும்." பிள்ளை வீலென்று கத்தியது. "பார்த்தியா, மருந்து பிடிக்குது" என்றது அந்த அம்மா. உள்ளே மருந்தே இல்லை என்று நான் சொல்லலை. எதுக்கு ஒருத்தர் மனசைக் கஷ்டப்படுத்தணும்?

எங்கள் அம்மாவும் அப்படித்தான். வேலை முடிந்து வந்தால் மெஷினோடு வீட்டுக்கு வரச் சொல்லும். அடுப்படியில் ஒரு சுற்று, சாமி படத்துக்கு முன்னால் ஒரு சுற்று. பக்கத்து வீட்டுக்குத் தெரியணுமாம், மகன் வேலைக்குப் போகிறான் என்று. அப்புறம் நாங்கள் ரெண்டு பேரும் உட்கார்ந்து இருமிக்கொண்டே சாப்பிடுவோம். அம்மாவுக்கும் சளிதான்.

இதைக் கேளுங்க. பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் ஊர்வலம் விட்டார்கள், சுத்தமான காத்தைப் பற்றி. பிள்ளைகள் கையில் தட்டி. நல்ல காற்று நமது உரிமை, மரம் நட்டால் மூச்சு வரும், அந்த மாதிரி. போஸ் அண்ணன்தான் கொடியசைத்து ஆரம்பித்து வைத்தார். "ஊர்வலம் வெறுமனே போனா நல்லா இருக்காது. லோகு, நீ முன்னாடி போடா" என்றார். நான் முன்னால் புகையைப் போட்டுக்கொண்டு போனேன், சாமி புறப்பாட்டுக்கு முன்னால் தீவட்டி போகிற மாதிரி. பிள்ளைகள் "காப்போம் காப்போம்" என்று கத்தினார்கள், இருமினார்கள், மறுபடியும் கத்தினார்கள். எதைக் காப்போம் என்கிற இடம் வரும்போதெல்லாம் இருமல் வந்துவிட்டது. கடைசி வரிசையில் என் உயிரியல் வாத்தியார். கண்ணில் தண்ணீர் வழிய என்னையே பார்த்தார். படிக்க வேண்டிய பையன் இப்படி ஆகிவிட்டானே என்று மனிதர் வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன். எனக்கே கொஞ்சம் கஷ்டமாகிவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, அன்றைக்கு ஆயில் கூடிப்போச்சு.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் வந்து சேர்ந்தது சித்ராதேவி அக்கா. கடித்த அக்கா. வடக்குச் சந்தில் புதிதாகக் குடிவந்தது. ப்ளவுஸ் தைக்கும். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், எப்பவாவது வருவார். ஒரே பிள்ளை, தனுஸ்ரீ, ஒண்ணாப்பு. அந்தப் பிள்ளைக்கு வீசிங். முன்னால் ஏதோ மில் ஊரில் இருந்தார்களாம், பஞ்சு பறக்கிற ஊர். பிள்ளைக்கு நல்ல காத்து வேணும் என்று டாக்டர் சொல்லப்போய், மலையடிவாரத்து ஊராச்சே என்று எங்கள் ஊரைத் தேடிப்பிடித்து வந்திருக்கிறார்கள். வீட்டுத் தரகர், காத்தோட்டமான வீடு என்று சொல்லி, காத்தோட்டத்துக்கென்றே வாடகையைக் கூட்டி முடித்துவிட்டார். தரகர் சொன்னது நிஜம்தான் அண்ணே. நான் எந்தத் தெருவில் புகையைப் போட்டாலும் அது நேராக அந்த வீட்டுக்குத்தான் போகும்.

முதல் தரம் தன்மையாகத்தான் கேட்டது. "தம்பி, எங்க வீட்டுப் பக்கம் மட்டும் விட்டுருப்பா. பிள்ளைக்கு இழுக்குது." குடிக்க ஒரு செம்பு மோரும் கொடுத்தது. ஒரு வீடுதானே, டீசல் மிச்சம் என்று மெஷினை அணைத்துவிட்டு அந்த வாசலைத் தாண்டிப் போனேன். எனக்கென்ன வந்தது?

எதிர்வீட்டு சரோஜா அக்காவுக்கு வந்தது. மேஸ்திரியை வழிமறித்துப் பிடித்துக்கொண்டது. "அதெப்படி அவ வீட்டை மட்டும் விட்டுட்டுப் போவான்? இந்தப் பக்கம் புகை, அந்தப் பக்கம் புகை, நடுவுல அவ வீடு சும்மா. கொசு என்ன கேணையா? எல்லாக் கொசுவும் அவ வீட்டுல போய் உட்கார்ந்துக்கிட்டு, இவன் போனதும் எங்க வீட்டுக்கு வருது."

தெருவே ஆமாம் போட்டது. சித்ரா அக்கா வாசலுக்கு வந்து, "கொசு தண்ணியிலதாங்க பெருகுது. டிரம்முல நாள்பட்டுக் கிடக்கிற தண்ணியைக் கொட்டிக் கழுவுனாப் போதும்" என்று சொல்லிப் பார்த்தது.

அதை மட்டும் சொல்லியிருக்கக் கூடாது. எங்கள் ஊரில் குழாய்த் தண்ணி எப்போ வரும் என்று குழாய்க்கே தெரியாது. வீட்டு வீட்டுக்கு வாசலில் டிரம். ஒரு சொட்டு சிந்தினால் அண்ணன் தம்பி வெட்டிக்கொள்வார்கள். அங்கே போய்க் கொட்டு என்றால்? "நேத்து வந்தவ நம்ம தண்ணியைக் கொட்டச் சொல்றா" என்று பேச்சு மாறிப்போச்சு. புகை பாட்டுக்கு ஒரு ஓரமாக நின்றது.

அந்தச் சமயம் பார்த்து சரோஜா அக்கா மகனுக்குக் காய்ச்சல். முதல் நாள் அவன் மழையில் கிரிக்கெட் ஆடினதை நான் பார்த்தேன். என்னை யார் கேட்டார்கள்? "அவ வீட்டுக் கொசு கடிச்சுத்தான் எம்பிள்ளை படுத்துட்டான்" என்று சரோஜா அக்கா தெருமுனை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தது. எது யார் வீட்டுக் கொசு என்று அதற்கு எப்படித் தெரிந்ததோ.

போஸ் அண்ணன் என்னை டீக்கடைக்கு வரச்சொன்னார். டீ சொன்னார். அவர் சும்மா யாருக்கும் டீ வாங்கிக் கொடுக்க மாட்டார்.

"லோகு, நாளைக்குச் சாயங்காலம் அந்தச் சந்துல முதல் புகை அவ வீட்டுக்குத்தான். வெளியில இல்லை, உள்ள. குழாயை வாசக்கதவுக்குள்ள விட்டு நல்லா அடி. அடிச்சுட்டுக் கதவை இழுத்துச் சாத்திடு."

"பிள்ளைக்கு வீசிங்ண்ணே."

"யாருக்குடா வீசிங் இல்லை? மாடிப்படி ஏறினா எனக்குந்தான் மூச்சு வாங்குது. நான் யார்கிட்டயாவது சொன்னேனா? ஒரு வீட்டைப் பார்த்தா ஒரு தெருவு போயிரும். தேர்தல் வருது." அப்புறம் குரலை இறக்கினார். "உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்லி மேல பேசிட்டு இருக்கேன். கெடுத்துக்காதே."

நிரந்தரம்! அண்ணே, என்னை மாதிரிப் பாதியில் நின்றவனுக்கு அது எப்பேர்ப்பட்ட வார்த்தை தெரியுமா? எங்கள் வீட்டில் அப்பாவே நிரந்தரமாக இருந்ததில்லை. அம்மாவிடம் சொன்னேன். அன்றைக்கு எனக்கு மட்டும் முட்டை பொரித்துப் போட்டது.

நேற்றுச் சாயங்காலம். தெருவே வாசலில் நின்றது. சரோஜா அக்கா ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தது, மடியில் ஒரு தட்டில் பொரிகடலை. போஸ் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முனையில் நின்றார். மேஸ்திரி அவருக்குப் பின்னால். நான் மெஷினை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு போனேன். சித்ரா அக்கா ரெண்டு கையையும் நிலையில் ஊன்றி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது.

"வேணாம் தம்பி. மேலத்தெருவுல நீ போட்டதே உள்ள வந்துருச்சு. பிள்ளை மூச்சுக்குத் திண்டாடிட்டு இருக்கா."

"தள்ளுங்கக்கா. எனக்கு வேலை இருக்கு."

"இதெல்லாம் ஒரு வேலையாடா?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. "நீங்க ப்ளவுஸ் தைக்கிறது மட்டும் கலெக்டர் வேலையா?" என்றேன்.

பின்னாலிருந்து போஸ் அண்ணன் "அடிடா!" என்றார். தெருவும் சேர்ந்துகொண்டது. "அடி! அடி!"

இப்போ கவனமாகக் கேளுங்க அண்ணே, இதுதான் முக்கியம். மெஷினில் ஒரு திருகு இருக்கிறது, கைப்பிடிக்குப் பக்கத்தில். ஒரே திருகுதான். இந்தப் பக்கம் திருப்பினால் புகை கூடும். அந்தப் பக்கம் திருப்பினால் மெஷின் நிற்கும். நான் அந்தத் திருகுக்குக் கையைக் கொண்டுபோனேன். கொண்டுபோன கையைத்தான் அந்த அக்கா பாய்ந்து பிடித்துக் கடித்துவிட்டது.

அணைக்கத்தானே போனாய் என்று கேட்கிறீங்க. தெரியாதுண்ணே. சத்தியமாகத் தெரியாது. கையை நீட்டினது வரைக்கும் தெரியும். எந்தப் பக்கம் திருப்புவேன் என்று பார்க்கிறதுக்குள் கடித்துவிட்டது. அதுதான் எனக்கு ஆத்திரம். கடித்தது கூடப் பரவாயில்லை. ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் நான் எப்படிப்பட்ட ஆள் என்று எனக்கே தெரிந்திருக்கும்.

வலியில் கை தானாகத் திருகிவிட்டது. மெஷின் நின்றது. அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் இன்னொரு சத்தம் கேட்டது, வீட்டுக்குள்ளிருந்து. ரப்பர் பொம்மையை அமுக்கினால் கீ, கீ என்று ஒன்று வருமே, அந்த மாதிரி. மெஷின் ஓடும்போது அது எனக்குக் கேட்டதே இல்லை.

அக்கா என்னை விட்டுவிட்டு உள்ளே ஓடியது. நானும் பின்னால் போனேன். கையில் ரத்தம், எங்கேயாவது கழுவணுமே. பிள்ளை கட்டிலில் உட்கார்ந்திருந்தது. ரெண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு, தோள் காது வரைக்கும் ஏறி ஏறி இறங்கியது. கழுத்துக்குக் கீழே ஒரு குழி, ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் உள்ளே போய் வந்தது. நமக்கு அது சும்மா வருதுண்ணே. நாம ஒண்ணும் செய்யறதில்லை. அந்தப் பிள்ளை மூட்டை தூக்குகிற மாதிரி ஒவ்வொரு மூச்சாகத் தூக்கிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு பிளாஸ்டிக் குடுவையை அதன் வாயில் பொருத்தி மருந்தை அமுக்கியது. "இழு கண்ணு. மெதுவா. அப்படியே விடு. இன்னொண்ணு இழு." பிள்ளை என்னைப் பார்த்தது. என்னைப் பார்த்துப் பயப்படுகிறதோ என்று நினைத்தேன். இல்லை. பயப்பட அதற்கு நேரமில்லை.

கொஞ்ச நேரத்தில் அடங்கியது. அக்கா என் பக்கம் திரும்பி, "காட்டு" என்றது. கையைக் கழுவிவிட்டு, யாருடைய ப்ளவுஸிலோ வெட்டின துண்டை எடுத்துச் சுற்றிக் கட்டியது. மன்னிப்புக் கேட்கும் என்று பார்த்தேன். கேட்கலை. சரி என்று நானும் கேட்கலை. நடுவில் எனக்கு இருமல் வந்துவிட்டது, இந்தச் சளிதான். அக்கா கட்டுவதை நிறுத்திவிட்டு என் நெஞ்சுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"எப்படி?"

"இவளுக்குக் கேக்குற அதே விசில் உன் நெஞ்சுலயும் கேக்குதுடா."

"சளிக்கா."

"சளி இல்லை. இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். இவ பிறந்ததுல இருந்து இதைக் கேட்டுக்கிட்டுத்தான் படுக்கிறேன். பெரியாஸ்பத்திரியில நெஞ்சு டாக்டர் இருக்காங்க. நீ முதல்ல போய் உன் நெஞ்சைக் காட்டு. கை தானா ஆறிடும்."

கடிப்பதும் அதுவே, வைத்தியம் சொல்வதும் அதுவே. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. புகை அடிக்கிறவனுக்கு வீசிங் வரும் என்றால் மேஸ்திரிக்கு வந்திருக்கணுமே? மேஸ்திரி எப்பவும் காத்துக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளி நிற்பார், அது வேறு விஷயம். எனக்கு ஒரு குறையும் இல்லை அண்ணே. வாசனை மட்டும் கொஞ்ச நாளாகத் தெரிகிறதில்லை. அதுவும் நல்லதுக்குத்தான், எங்கள் வீடு சாக்கடை ஓரம்.

வெளியே வந்தால் போஸ் அண்ணன் ஓடி வந்தார். "காட்டுறா, காட்டு. பல்லு பதிஞ்சிருக்கா?" கட்டை அவிழ்த்து, நகைக்கடைக்காரர் மாதிரி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "இன்னும் கொஞ்சம் ஆழமாக் கடிச்சிருக்கலாம்."

"சதை வந்திருந்தா பேஷா இருந்திருக்கும்" என்றார் மேஸ்திரி.

"பரவாயில்லை, இது போதும். லோகு, நீ இப்ப சாதாரண ஆள் இல்லை. அரசுப் பணியாளர். பணியில இருக்கும்போது உன்னைத் தாக்கியிருக்கா. பெரிய கேஸு."

அண்ணே, நேற்று வரைக்கும் நான் அரசுப் பணியாளர் இல்லை. கையுறை கேட்டால், "நீ என்ன கவர்மெண்டு ஸ்டாஃபா?" என்பார்கள். கடி வாங்கினதும் ஆகிவிட்டேன். தெரிந்திருந்தால் சேர்ந்த அன்றைக்கே யாரையாவது கடிக்கச் சொல்லியிருப்பேன்.

உடனே உள்ளூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கேதான் அந்த நர்சம்மா சிரித்தது. சிரித்தால் கேஸ் நிற்காதே. அதனால் இன்றைக்குப் பெரியாஸ்பத்திரி. போஸ் அண்ணன் விளக்கமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். வாசலில் அவர் ஆள் ஒருத்தர் நிற்பார், கூட்டிக்கொண்டு போய் அட்மிட் பண்ணுவார். போலீஸ் அங்கேயே வந்து எழுதிக்கொள்ளும். கேஸ் ஆனதும் வீட்டு ஓனர் சித்ரா அக்காவைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார், பேசியாச்சு. எனக்கு நிரந்தரம்.

மேஸ்திரி ஒரு யோசனை சொன்னார். "கையை மட்டும் காட்டினாப் பத்தாது. அவ உன்னைக் கீழ தள்ளி நெஞ்சுல மிதிச்சான்னு சொல்லு. மூச்சு வாங்குற மாதிரி நடி."

"எனக்கு நடிக்கவெல்லாம் வராது மேஸ்திரி."

போஸ் அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ நடிக்கவே வேணாம்டா. சும்மா போய் நின்னாப் போதும்" என்றார். ரெண்டு பேரும் சிரித்தார்கள். என்ன சிரிப்போ.

இன்று காலையில் வடக்குச் சந்து வழியாகத்தான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். வேறு வழி இருக்கிறது. சுற்று. சித்ரா அக்கா வாசலில் தையல் மெஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தது. பிள்ளை படியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. "அம்மா, புகை அண்ணன் போறாரு" என்றது.

"பெரியாஸ்பத்திரிக்கா?" என்று கேட்டது அக்கா.

"ஆமா."

"நெஞ்சு டாக்டர் காலையில மட்டும்தான் பார்ப்பாங்க. கூட்டம் சேர்றதுக்குள்ள போயிரு. ஏதாவது சாப்பிட்டியா?"

நெஞ்சைக் காட்டப் போகிறேன் என்று நினைத்துவிட்டது. நான் என்ன சொல்ல முடியும்? இல்லைக்கா, உங்களைக் காலி பண்ணப் போறேன் என்றா? தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அது எந்த ஊருக்குப் போகும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். காத்துக்காக ஒரு ஊரை விட்டு வந்தாச்சு. அடுத்து எங்கே? கடையில் விற்கிற சாமானா அது, இங்கே இல்லாவிட்டால் அங்கே என்று வாங்கிக்கொள்ள? எனக்கு ஏன் இந்த யோசனை எல்லாம் வருகிறது என்று தெரியலை. காலையில் சாப்பிடாததால் இருக்கும்.

இந்தா வந்துவிட்டது. பெரிய கேட்டு, ஓரமாக ஆம்புலன்ஸ் நிற்கிறதே, அதுதான். அந்தப் புளூ சட்டை ஆளைப் பார்த்தீங்களா, ஒவ்வொரு பஸ்ஸாக எட்டிப் பார்க்கிறாரே? அவர்தான் போஸ் அண்ணன் ஆள். கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காருங்கண்ணே. என்னை மறைத்த மாதிரி. அவ்வளவுதான்.

என்ன கண்டக்டர்? ஆமாம், பெரியாஸ்பத்திரி டிக்கெட்டு நான்தான். தெரியும், நின்னுட்டுத்தான் இருக்கு. இல்லை, தூங்கலை. நீங்க விசில் குடுங்க. டவுன் ஸ்டாண்டு வரைக்கும் டிக்கெட்டைப் போட்டுக் குடுங்க.

போகட்டும் அண்ணே. கை பரவாயில்லை, வலி குறைந்துவிட்டது. நெஞ்சுக்கு ஒன்றுமில்லை, அது சளி. கையைக் காட்டு என்று போஸ் அண்ணன் சொன்னார். நெஞ்சைக் காட்டு என்று சித்ரா அக்கா சொன்னது. ரெண்டு பேரும் இறங்கச் சொன்னது இந்த ஸ்டாப்பில்தான். நான் இறங்கலை.